சாசானின் வாய்த்துணி

1

இந்தக் கதை என் மூக்கிலிருந்து பிறந்தது. சிரிக்க வேண்டாம். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது என்னோடு ஓர் ஒட்சிசன் மெசினும் வந்தது. மனோர் பார்க் வீட்டில், கீழே ஹோலில் அது உறுமுகிறது. அதன் குழாய் படியேறி வந்து என் மூக்கில் முடிகிறது. மெசினை நிறுத்தினாலும் ஒட்சிசன் துணிமணியில் தங்கிப் பற்றிக்கொள்ளும், வீட்டில் நெருப்பே கூடாது என்று தாதி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு நெருப்பைத் தவிர வேறு நினைப்பில்லை.

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: 'பாரசீகத்தை நானூறு ஆண்டுகள் ஆண்ட சாசானியர் குலத்தின் மூதாதை என்று சொல்லப்படும் சாசான், இஸ்தக்ர் நகரின் நெருப்புக் கோயிலில்...' பள்ளிக்கூடப் பாடம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: 'சாசான் குனிந்து தணலை ஊதினான்.' இதில் உயிர் இருக்கிறது. ஆனால் பிழை. (சாசான் பூசகன். நெருப்பை வணங்கும் அவனது சரத்துஸ்திர நெறியில் மூச்சுப் பட்டால் நெருப்புக்குத் தீட்டு. பூசகர் வாயை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டிக்கொள்வார். ஊதியவனைக் கொன்றார்கள் என்றும் ஒரு பழைய குறிப்பு உண்டு.)

3

பிழையை அழிக்க மனம் வரவில்லை. அதையே கதையாக்கினேன். மழை. கூரை ஒழுகித் தணல் அவிகிறது. சாசான் தனியாக நிற்கிறான். அந்தக் கோயிலின் பெருமையில்தான் அவன் பேரன் அர்தசீர் பின்னாளில் முடிசூடப் போகிறான். ஊதினால் நெருப்புப் பிழைக்கும், இவன் பாவி. அவன் கை வாய்த்துணியின் முடிச்சுக்குப் போகிறது, அப்போது அவன்

4

வாக்கியம் அறுந்ததற்குக் காரணம் என் மனைவி சந்திரவதனா. நான் உயிரோடு வீடு திரும்பினால் ஒருநாளும் தவறாமல் விளக்கேற்றுவதாக முருகனுக்கு நேர்ந்தவள். திரும்பினேன், மெசினோடு. இத்தனை நாளும் பற்றரி விளக்கால் சமாளித்தாள். இன்று கார்த்திகை விளக்கீடு. படியடியில் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு மட்டும் மெசினை நிப்பாட்டிப்போட்டு ஒரு திரி கொளுத்தட்டே? பற்றரி விளக்கை முருகன் கணக்கெடுக்கிறாரோ தெரியேல்லை. உங்களுக்கு ஏதும் நடந்திடுமெண்டு பயமாக் கிடக்குது."

எனக்கும் பயம்தான். மெசின் நின்றால் எனக்கு நெஞ்சடைக்கும், கொளுத்தாவிட்டால் அவளுக்கு. ஏற்றிவிட்டால் விளக்கை ஊதி அணைக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இல்லை. எண்ணெய் முடியப்போகும்வரை பார்த்திருந்து, பிறகு பூவால் அமர்த்துவாள்.

5

முடிவு ஒன்று: சாசான் முடிச்சை அவிழ்க்கிறான். பேரன் அரசனாகிறான். தாத்தா ஊதியது யாருக்கும் தெரியாது.

முடிவு இரண்டு: அவிழ்க்கவில்லை. தணல் [இதை எழுதக் கை வரவில்லை.]

கீழே உறுமல் நின்றுவிட்டது. நான் பேசாமலிருந்ததை ஓம், சம்மதம் என்று எடுத்துவிட்டாள்.

நெருப்புப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு சொல் கத்துவதற்கு மட்டும் என்னிடம் மூச்சு இருக்கிறது. சாசானிடம் ஒருமுறை ஊதுவதற்கு. இரண்டையும் உங்களிடம் தருகிறேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள். அவள் குச்சியை எடுத்துவிட்டாள்.