மூன்றாவது கட்டை

ஐம்பத்தாறில் மணல் ஓடமொன்று அடித்துக்கொண்டு வந்து மோதி, அம்பன் கங்கைப் பாலத்தின் தூணில் வெடிப்பு விழுந்தது. ஓடங்களை இறுக்கிக் கட்டச் சொன்னால் ஓடக்காரர்கள் கேட்கிற ஆட்களா? அதனால்தான் தூணுக்கு முன்னால் ஆற்றுக்குள் பாலைமரக் கட்டைகளை அறைந்தார்கள். அறைந்தவர் பாலத்துக் காவலாளி ஸக்கரியா. மணல் ஓடம் தள்ளும் அவருடைய தம்பி பலீல் கரையில் நின்று சிரித்தான்.

"எங்க ஓடம் வந்து முட்டினா என்னாகும் நானா?"

"ஓடம் ஒடையும். பாலம் நிக்கும்."

மறு வருட வெள்ளத்தில் கயிறு அறுந்து வந்து கட்டைகளில் முட்டிய ஓடத்தில் பலீல் இருந்தான். ஓடம் உடைந்தது. பாலம் நின்றது.

உடல் மறுநாள் காலையில் கிடைத்தது. ஸக்கரியா அழவில்லை. மனைவி கைறுன்னிஸா கையில் கொடுத்த தேத்தண்ணியை ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கினார்கள். அடக்கம் செய்யும் மையவாடி அக்கரையில் இருந்தது. கலிமாச் சத்தத்தோடு பாலத்தில் ஏறினார்கள். ஜனாஸாவின் முன்பக்கம் ஸக்கரியாவின் தோளில் இருந்தது. நடுப்பாலத்துக்கு வந்ததும், நாள் தவறாமல் பார்க்கிற பழக்கத்தில் அவர் கண் கீழே போயிற்று.

பக்கத்தில் நடந்துவந்த, பாலத்து வேலைகளுக்குப் பொறுப்பான ஓவசியர் மாணிக்கவாசகத்திடம் மெதுவாகச் சொன்னார்.

"மூணாவது கட்டை சாஞ்சிருக்குங்க ஐயா. தண்ணி வடிஞ்சதும் நிமித்தணும்."

ஓவசியர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கரை வரை எத்தனையோ பேர் தோள் மாற்ற வந்தார்கள். ஸக்கரியா யாருக்கும் இடம் விடவில்லை.