மாமா வாங்கி வந்த மல்லிகை

பக்கீர் முகம்மது மருமகளுக்குப் பூ வாங்கிவர ஆரம்பித்ததும் பழவேற்காட்டில் அந்தத் தெருவே வாயைப் பிளந்தது. கட்டின பெண்டாட்டிக்கு ஒரு முழம் வாங்கிக் கொடுத்தறியாத மனிதர். பொன்னேரியில் கருவாட்டு மண்டி வைத்திருந்தார். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினால் அவருக்கு முன்னால் அவர் வாசனை வீடு வந்து சேரும். அப்பேர்ப்பட்ட ஆள் வாழையிலைப் பொட்டலத்தில் மல்லிகையோடு வந்து நின்றால் பீவி ஜான் சும்மா விடுவாளா?

"எனக்கு ஒரு நாளாவது வாங்கியாந்திருப்பீங்களா?" என்று புருஷனை ஒரு பிடி பிடித்துவிட்டு, அவளே அதை மருமகள் தலையில் வைத்துவிடுவாள்.

ஆபிதாவுக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் சந்தோஷம்தான். மகன் தூர தேசத்தில் படிக்கிறான், இந்தப் பெண் தனியாகக் கிடக்கிறதே என்று மாமாவுக்கு இரக்கம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இரக்கம்தான். அதில் அவள் தப்பாக நினைக்கவில்லை.

அவள் கழுத்தில் கல்யாணக் கருகமணி ஏறிய வருஷமே ஹனீப் கப்பலேறிவிட்டான். மெட்ராஸில் அரபி படித்தவன். ஸ்பெயின் தேசத்தில் கிரானடா என்று ஓர் ஊர், ஒரு காலத்தில் முஸ்லிம்கள் ஆண்டது. அங்கே பழைய அரபு ஏடுகளைப் படிக்க அவனுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் பாடம் நடத்துவதெல்லாம் ஸ்பானிஷில். வகுப்பில் செவிடன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்து வைக்கிறேன் என்று எழுதினான். பன்றிக் கொழுப்புக்குப் பயந்து முட்டையும் ரொட்டியுமாகக் காலம் தள்ளினான். அதைப் பார்த்த வீட்டுக்காரக் கிழவி அவனுக்கென்று தனியாக ஒரு வாணலி வாங்கி ஆணியில் மாட்டினாளாம். முகம் தெரியாத அந்தக் கிழவிக்காக ஆபிதா தினமும் துஆ கேட்டாள். கடிதத்தின் கடைசியில் ஒரு ஸ்பானிஷ் வார்த்தையும் இருக்கும். காலையில் யாரைப் பார்த்தாலும் 'புவெனோஸ் தியாஸ்' என்று சொல்ல வேண்டுமாம். ஆபிதா கோழிகளைத் திறந்து விடும்போது அவற்றிடம் சொல்லிப் பழகினாள்.

மாசிக்குப் பிறகு கடிதம் வருவது நின்றது.

"பரீட்சை நேரம்மா, படிச்சிக்கினு இருப்பான்," என்றார் மாமா. அவள் எழுதிக் கொடுத்ததை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டு போனார். நோன்புப் பெருநாளைக்கு ரோஜா நிறத்தில் சேலையும் கைநிறையக் கண்ணாடி வளையலும் கொண்டுவந்தார். அந்தத் தடவை அவள் கையில் மருதாணி நன்றாகப் பற்றியிருந்தது. புருஷனுக்கு உன்மேல் கொள்ளை ஆசை என்று தெருப் பெண்கள் கேலி செய்ய, அவளும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்த பக்கீர் முகம்மது சாப்பிட உட்காரவில்லை. நேராகக் கொல்லைப்பக்கம் வந்தார். ஆபிதா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஆபிதா, ஹனீப் மவுத்தாயிட்டாம்மா."

ஈரத் துணி அவள் கையிலேயே இருந்தது. அதிலிருந்து தண்ணீர் பாதத்தில் சொட்டியது.

"எப்போ?"

"மாசியில. அந்த ஊர் குளுரு அவனுக்கு ஆவல. நெஞ்சுல சளி கட்டிக்கினு ஜொரம். தந்தி மண்டிக்குத்தான் வந்துச்சு. கூடப் படிச்ச மொராக்கோ பசங்க குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, முறையா அடக்கம் பண்ணிட்டாங்களாம். நான் மெட்ராஸ் போயி, நம்மள யாருக்கும் தெரியாத ஒரு பள்ளிவாசல்ல அவனுக்காகத் தொழ வெச்சேன்."

மாசி. பெருநாளுக்கும் மருதாணிக்கும் முந்தி.

"ஏன் மாமா என்னாண்ட சொல்லல?"

"என் தங்கச்சி மெஹர்னிசா பதினாறு வயசுல இத்தா இருந்தா. இருட்டு ரூமு, வெள்ளச் சேல. வெளிய வந்தப்போ சிரிக்கவே மறந்துட்டா. சாவுற வரிக்கும் அப்டியேதான் இருந்தா. நீயும் அப்டி ஆயிடக்கூடாதுன்னுதான்..."

புருஷன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் மனைவி இத்தா இருக்க வேண்டும். பூவும் நகையும் கூடாது, வாசல் தாண்டக் கூடாது. அந்தக் கெடு அவளுக்குச் செய்தி எட்டிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அவன் உயிர் போன நாளிலிருந்தே ஓடும். அவளுக்குத் தெரியாமலே முடிந்தாலும் முடிந்ததுதான். அந்தச் சட்டத்தைத்தான் மனிதர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்தோட முடிஞ்சிபோச்சும்மா. வேற யாருக்கோ கேக்கற மாதிரி பள்ளிவாசல் ஹஜ்ரத்தாண்ட கேட்டுக்கினேன். இனிமே உன்ன யாரும் உக்கார வெக்க முடியாது."

"என்ன உக்கார வெக்க ஆள் எதுக்கு மாமா?" ஆபிதாவின் குரல் உயரவில்லை. "அவரு மண்ணுக்குள்ள கெடக்காரு. நான் பூ வெச்சிக்கினு கோழியாண்ட பேசிக்கினு இருந்திருக்கேன். அவருக்குன்னு நான் செய்ய மிச்சம் இருந்தது அந்த இத்தா ஒண்ணுதான். அதையும் நீங்களே கழிச்சிட்டீங்களே."

பெற்ற பிள்ளையின் சாவை மடியில் கட்டிக்கொண்டு இத்தனை மாதம் பஸ்ஸில் போய் வந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் ஆறவில்லை. அவர் அழுவதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

"நான் எழுதின கடுதாசி?"

"எல்லாத்தியும் தபால்ல போட்டேம்மா. கிழிக்க மனசு வரல."

"மாமிக்குத் தெரியுமா?"

இல்லையென்று தலையாட்டினார். "நீ சொல்லும்மா. என்னால ஆவாது."

ஆபிதா தலையிலிருந்த நேற்றைய மல்லிகையை எடுத்துக் கிணற்றோரம் போட்டாள். வளையல்களைக் கழற்றினாள். கருகமணியை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சட்டம் என்ன சொன்னாலும் தன் இத்தா இன்றைக்குத்தான் தொடங்குகிறது என்று தீர்மானித்தாள். கழுத்து தெரியாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

பீவி ஜான் முறத்தில் எறாவைக் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா, வா. பரீச்ச முடிஞ்சிதுன்னா அவன் எந்தக் கப்பல்ல வந்து குதிப்பானோ. எறாத் தொக்கு கேப்பான். மொளகா தூக்கலா போட்டு வெக்கணும், புள்ளைக்கு அங்க காரமே கெடையாதாமே." நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா, தலையில பூவக் காணோம்?"

"வாடிப்போச்சு மாமி."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். பீவி ஜானின் முகத்தில் மகன் வந்து இறங்கியே விட்டான். ஆபிதா பக்கத்தில் உட்கார்ந்து முறத்தைத் தன் பக்கம் இழுத்தாள். இந்த எறா ஆய்ந்து முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், மாமாவும் தந்தி வந்த அன்று இப்படித்தான் ஏதோ ஒன்று முடியட்டும் என்று இருந்திருப்பார் என்று அவளுக்குப் பட்டது.

முறத்தில் எறா நிறைய இருந்தது. அவள் மெதுவாகவே ஆய்ந்தாள்.