கண்ணாடிக்குள் ஒரு சாக்கு

ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. மாதேஸ்வரி ஏறவில்லை. போச்சம்பள்ளிக்குப் போகிற பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாடி, பட்டுப்புடவை? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"ஓசூர்ல பங்ஷன். எங்கம்மாதான் சீஃப் கெஸ்ட்டு."

"அப்போ நாளையிலிருந்து உனக்குத் தனி கார்னு சொல்லு."

பஸ் போய்விட்டது. அம்மா செல்லி சிரிக்கவில்லை. கிருஷ்ணகிரி பஸ் வருகிறதா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பர்கூர் அருகே நெடுஞ்சாலையில் கிரானைட் லாரி கவிழ்ந்தபோது மாதேஸ்வரி கைக்குழந்தை. லோடு ஏற்றும் வேலைக்குப் போயிருந்த அப்பா கிருஷ்ணப்பன் கல்லுக்கு அடியில் கிடந்தார். அவரிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர் பிரேம்குமார். தூத்துக்குடிக்காரர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்தச் சாவுக்குப் பிறகு அவர் தொடங்கியதுதான் 'தோள்' அறக்கட்டளை. சாலையில் அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது அதன் வேலை. இப்போது அதற்கு ஒரு அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் செல்லி சொன்னாள்.

"இன்னொரு வாட்டி அவரைக் கேக்கணும்டி."

"என்னத்த?"

"உங்கப்பா ஏதாச்சும் சொன்னாரானு."

"ஒண்ணும் சொல்லலைன்னு அன்னைக்கே சொல்லிட்டாராமே. உடனே போயிட்டாருன்னு."

"அன்னைக்குச் சின்னப் பையன். பயந்துபோயி நின்னாரு."

இந்தக் கேள்வியோடுதான் மாதேஸ்வரி வளர்ந்தாள்.

அருங்காட்சியகம் ஒரே ஒரு கூடம். பொறுப்பாளர் சுசித்ரா அவர்களைச் சுற்றிக் காட்டினாள். முதல் ஆம்புலன்ஸின் சைரன். பிளந்த ஹெல்மெட். ஆலைப் பேருந்து விபத்துக்குப் பிறகு யாரும் கேட்டு வராத கண்ணாடி வளையல்கள். கொரோனா ஊரடங்கில் பெங்களூரிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் விட்டுப்போன செருப்புகள். செல்லி அங்கே குனிந்து பார்த்தாள்.

"எதுக்குமே ஜோடி இல்லியே."

"இல்லம்மா. இப்படித்தான் கெடைச்சுது."

வாசலுக்கு நேரே ஒரு கண்ணாடிப் பெட்டி துணி போர்த்தி இருந்தது. அதைத்தான் செல்லி திறந்துவைக்க வேண்டும்.

"எங்க ஆபீஸ்ல யாரும் சாக்கு சொல்ல முடியாதும்மா," என்றாள் சுசித்ரா. "சாக்கு இதுக்குள்ள பூட்டி இருக்கு." பக்கத்தில் நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். பழகிய நகைச்சுவை போலிருந்தது.

செல்லி துணியை இழுத்தாள். உள்ளே ஒரு கோணிச் சாக்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் காவேரிப்பட்டினத்து மண்டி ஒன்றின் முத்திரை பாதி அழிந்திருந்தது. கீழே இருந்த எழுத்துகளை மாதேஸ்வரி அம்மாவுக்காக மெல்லப் படித்தாள்.

"அவர் கடைசியாகக் கேட்டது ஒரு சாக்கு. அதைத் தேடி ஓடினோம். கொண்டுவந்தபோது அவர் இல்லை. அன்று முதல் எங்கள் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சாக்கு இருக்கிறது."

செல்லி கேட்டாள். "யாரு கேட்டது?"

மாதேஸ்வரி பெயரைத் தேடினாள். போட்டிருக்கவில்லை. அதற்குள் பிரேம்குமார் மைக்கைப் பிடித்துவிட்டார். தலை நரைத்திருந்தது. பல மேடைகளில் சொன்ன கதை. தடுமாற்றமில்லாமல் வந்தது.

"கல்லு இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. டிரைவர் ஓடிட்டான். நான் ஒருத்தன்தான். தலையை மடியில வச்சுத் தண்ணி குடுத்தேன். ரெண்டு மடக்கு குடிச்சாரு. என் கையைப் புடிச்சுக்கிட்டு, சாக்கு, சாக்குன்னாரு. சாக்குல வச்சுத் தூக்கச் சொல்லுதாருன்னு புரிஞ்சுக்கிட்டேன். ஓடினேன். இந்த அறக்கட்டளையே அந்த ஒரு வார்த்தைதான்."

கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்வரை செல்லி நின்றாள். பிறகு அவர் அருகில் போனாள்.

"ஒண்ணும் சொல்லலைன்னீங்களே சார்."

பிரேம்குமார் விழித்தார். அன்று அப்படிச் சொன்னது அவருக்கு நினைவில் இல்லை.

"நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லியிருப்பேம்மா."

"அவரு தளிப் பக்கம் சார். ஊட்டுல கன்னடம்தான். எங்கிட்ட தமிழ் பேசுவாரு. ஒடம்பு முடியலைன்னா கன்னடம் வந்துரும்." செல்லி வலது கையை விரித்துக் கண்ணாடிப் பெட்டிமேல் கவிழ்த்துக் காட்டினாள். "சோறு போட்டா தட்டு மேல இப்படிக் கையை வெப்பாரு. சாக்கும்பாரு. கன்னடத்துல போதும்னு அர்த்தம்."

சுசித்ரா மைக்கை அணைத்தாள். ஓசூரில் பிறந்தவள். டீக்கடையில், ஓட்டலில், காய் நிறுக்கிறவரிடம் தினமும் சொல்கிற சொல். பெட்டிக்குக் கீழே எழுதியதும் அவள்தான். பிரேம்குமாருக்கும் இப்போது கன்னடம் நன்றாக வரும். ஆனால் அந்த ஒரு சொல் அவருக்குள் அன்றே தமிழாகிவிட்டிருந்தது.

"தண்ணியைத்தான் போதும்னிருப்பாரு," என்றாள் மாதேஸ்வரி. "தண்ணி குடுத்தாராம்ல."

செல்லி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவளுடைய கை பதிந்த இடம் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே சாக்கு சுத்தமாக இருந்தது. யாரையும் தூக்காத சாக்கு.

"உங்க கையைப் புடிச்சிருந்தாருன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா. இறுக்கிப் புடிச்சிருந்தாரு."

"நீங்க அதை விடுவிச்சுக்கிட்டுச் சாக்கு தேடிப் போனப்ப, அவரு கிட்ட யாரு சார் இருந்தா?"