சிவப்புக் குடைக்கு எந்த விளக்கு

1

அன்று இருந்த குடைகள் ஆறா ஏழா என்பது இப்போது எனக்கு நிச்சயமில்லை. சிவப்பு என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. அந்தச் சிறிய உணவகத்தின் பின்முற்றத்தில் மேசைக்கு ஒன்றாக நட்டிருந்தார்கள். அன்று மாலை நான் மூலை மேசையில் ஒரு புத்தகமும் ஆறிப்போன காபியுமாக உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையில் பாதி நான் பார்த்தது, மீதி, உணவகத்துச் சகோதரிகள் இருவரில் தங்கை பிறகு சொன்னது. இரண்டிலும் இல்லாததை நானே இட்டு நிரப்புகிறேன்.

2

முதல் தொடக்கம்: அந்தி வெயிலில் குடைகள் விரிந்த பூக்களைப் போல

(வேண்டாம். குடை குடையாகவே இருக்கட்டும்.)

இரண்டாவது தொடக்கம்: தங்கைக்குக் காது கேட்காது.

இதுதான் சரி. மூன்று வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கப் பழகிக்கொண்டாள். உணவகம் அக்காவுடையது. உள்ளே ஆர்டர் எடுப்பவள் தங்கை. மறுநாள் மாலை முதல் முற்றமும் திறப்பதாக ஏற்பாடு. பழைய வாடிக்கை என்பதால் என்னை மட்டும் அன்றே அங்கே உட்காரவிட்டிருந்தார்கள்.

"இருட்டினா யார் வாயும் உனக்குத் தெரியாதுடி. நீ உள்ளேயே இரு."

"வெளிச்சம் போட்டா தெரியும். வெளி மேசை எனக்குத்தான்."

"சரி, ஏழு மணிக்குள்ள ஒரு விளக்கைக் காட்டு. உன்னால படிக்க முடிஞ்சா முற்றம் உனக்கு."

தங்கைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

3

விளக்குகளோடு எலக்ட்ரீஷியன் வந்தார். தெருவே அவரை 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடும்.*

(* ஒரு வரைவில் இவரைத் தங்கைக்குக் காதலனாக்கப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது, மூன்று பேரப்பிள்ளைகள். கைவிட்டேன்.)

முதலில் குடைக் கம்பிகளில் சரவிளக்கைச் சுற்றினார். கீழே உட்கார்ந்து, "ரெண்டு சூப், ஒண்ணுல காரம் கம்மி" என்றார்.

"அண்ணே, பார்க்க அழகா இருக்கு. ஆனா உங்க மூஞ்சி சல்லடை மாதிரி தெரியுது."

அடுத்தது, நடுக்கம்பில் கவ்விப் பிடிக்கும் வட்ட விளக்கு. வெளிச்சம் நேராகக் கீழே விழுந்தது.

"தட்டு பளிச்சுனு இருக்கு. தட்டா பேசப்போகுது? உங்க மீசை நிழல் வாயையே மூடிடுச்சு."

"விளக்கை வேணா மாத்துறேன். மீசையை எடுக்கணும்னா வேற ஆளைப் பாரும்மா."

அதே விளக்கை மேல்நோக்கித் திருப்பினார். வெளிச்சம் துணியில் பட்டு மெதுவாகப் பரவி இறங்கியது. நிழலே இல்லை. தங்கை கைதட்டப் போனாள், பாதியில் நிறுத்தினாள். சிவப்புத் துணியில் பட்ட வெளிச்சம் சிவப்பாகவே இறங்கியிருந்தது. கன்னமும் உதடும் ஒரே நிறம். வாய் முகத்தில் கரைந்துபோயிருந்தது. மணி ஆறே முக்கால்.

அவள் கண்கள் கலங்

(பொய். கலங்கவில்லை. அவள் மேலே பார்த்தாள்.)

"விளக்கு மேல தப்பே இல்லண்ணே. துணி மேலதான்."

உள்ளே ஓடி ஒரு வெள்ளை மேசைவிரிப்போடு வந்தாள். நாற்காலி மேல் ஏறி, குடையின் உட்புறக் கம்பிகளில் அதைத் துணிக் கிளிப்புகளால் மாட்டினாள். விளக்கைப் போட்டதும் ஃபியூஸின் மீசையில் நரையை எண்ணலாம் போலிருந்தது.

4

எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடிகிறது என்று பார்க்க அவள் பின்னால் நடந்தாள். ஒரு மேசை, இரண்டு மேசை, கடைசியில் என் மூலை. குடைக்கு அடியில் அக்கா ஃபியூஸ் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

என் பக்கத்திலிருந்து தங்கை உரக்கக் கேட்டாள்.

"முற்றத்துக்கு நாளைக்கு வேற ஒருத்தி வர்றாளா? காலையிலேயே பேசி முடிச்சிட்டியா அக்கா?"

ஃபியூஸ் தன் ஸ்க்ரூடிரைவரை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போல் பார்த்தார்.

"வரட்டும். அவளை உள்ளே நிக்கச் சொல்லு. வெளியே நான்."

5

இங்கே அக்காவை அழவைத்து ஒரு முடிவு எழுதினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கோபப்படவைத்தும் எழுதினேன். அதுவும் ஒட்டவில்லை. நான் பார்த்தது இதுதான்: அக்கா முகத்தை நன்றாக வெளிச்சத்தில் காட்டி, குரலே இல்லாமல், உதடுகளை மட்டும் அசைத்து ஒரு சின்ன வாக்கியம் சொன்னாள். தங்கை அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். என்ன அது என்று பலமுறை கேட்டும் அவள் எனக்குச் சொல்லவில்லை. அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றவை எனக்குத் தெரியும். முற்றம் மறுநாள் திறந்தது. எல்லாக் குடைகளுக்குள்ளும் வெள்ளைத் துணி இருக்கிறது. புதிதாக வந்தவள் உள்ளே நிற்கிறாள், தங்கை வெளியே. ஃபியூஸ் மீசையை எடுக்கவில்லை. தங்கையைப் பற்றி யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்கிறாள். நான் மூலையிலிருந்து, பேச்சு காதில் விழும் நடு மேசைக்கு மாறிவிட்டேன்.