சமன் குறியைக் கடக்கும் சைக்கிள்

உலகத்தில் கலப்படம் செய்யப்படாமல் மிஞ்சியிருக்கும் ஒரே பொருள் கணிதம்தான். இதை ஞானசேகரம் தன் இருபத்துநாலாவது வயதிலேயே கண்டுபிடித்துவிட்டான். மண்ணெண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாத தொண்ணூற்றாறாம் ஆண்டில், திருகோணமலை நகரத்துக்குள் இருந்த கனகரத்தினம் மாஸ்டரின் ரியூட்டரியில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேருக்கு முன்னால் நின்று இதை அறிவித்தான். அறிவித்த தோரணையைப் பார்த்தால், அவனுக்கு வைக்கப்போகும் சிலை துறைமுகத்தைப் பார்க்க வேண்டுமா, கோணேசர் மலையைப் பார்க்க வேண்டுமா என்பது மட்டும்தான் தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது.

“கணிதத்துக்குக் கையில்லை, காலில்லை,” என்றான். “அதுக்கு மீன் தெரியாது, சந்தை தெரியாது. சைக்கிள் ஓடவும் தெரியாது.”

கடைசி வசனம் கொஞ்சம் உரத்தே வந்தது. கிடுகு மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு. அங்கே இராசமலர் ரீச்சர் சமன்பாடு படிப்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய கரும்பலகையில் சமன் குறி ஒரு சென்ரிக் கட்டை, இராணுவக் காவலரணில் வீதிக்குக் குறுக்கே போட்டிருப்பது. சென்ரி வந்தால், சைக்கிளில் ஏறி வந்தவர் இறங்கி உருட்டிக்கொண்டு கட்டையைக் கடக்க வேண்டும் என்பது அந்த ஊரில் பல் முளைத்த எல்லாருக்கும் தெரியும்.

“கூட்டல் எண்டா ஏறி வாறவர். கட்டையில என்ன செய்வார்?”

“இறங்குவார் ரீச்சர்!”

“அப்ப அந்தப் பக்கம் போனா?”

“கழித்தல்!”

“கழித்தல் அங்கால இருந்து உருட்டிக்கொண்டு இஞ்சால வந்தா?”

“ஏறுவார்! கூட்டல்!”

கிடுகு அதிர்ந்தது. ஞானசேகரம் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வகுப்பைப் பார்த்தான். “பக்கத்து வகுப்பில இண்டைக்கு எண்களிட்ட அடையாள அட்டை பார்க்கினம். முடிஞ்சாப் பிறகு தொடங்குவம்.” பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பகிடி விட்டுவிட்டுத் தானே சிரிப்பதைத் தரக்குறைவாகக் கருதுகிறவன் அவன்.

இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கும்போதும் விடவில்லை. “ரீச்சர், உங்கட ஏழுக்கு டைனமோ பூட்டியிருக்கோ?”

“இல்லை சேர். உங்கட ஏழு நடந்தே வரட்டும். நேரத்துக்கு வந்து சேர்ந்தாச் சரி,” என்றார் இராசமலர், பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் நனைத்தபடி.

வந்து சேர்கிறதா என்று பார்க்க மாஸ்டரும் ஆசைப்பட்டார். சனிக்கிழமை பத்தாம் வகுப்புக்குச் சமன்பாட்டில் ஒரு சோதனை வைக்கச் சொன்னார். “பதினைஞ்சு பேராவது பாஸ் பண்ணோணும் தம்பி. இல்லாட்டி வகுப்பை ரீச்சரிட்டக் குடுத்திருவன். குறை நினைக்கக்கூடாது.”

குறை நினைப்பதற்கு நேரமிருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் கடைசிச் சோதனை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை அவன் வைத்திருந்த ஒரே உத்தியோகம் இந்த வகுப்பு. இதுவும் போனால் கப்பல்துறை வீட்டில் அப்பா தம்பிராசாவோடு பகல் முழுக்க இருக்க வேண்டும். அவர் “இனி என்ன யோசனை?” என்ற ஒரே கேள்வியை நாளுக்குப் பதினெட்டு விதமாகக் கேட்க வல்லவர்.

சனி பின்னேரம், முப்பது விடைத்தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு கண்டி வீதியில் சைக்கிளில் வீட்டுக்குப் போனான். சென்ரியில் இறங்கி உருட்டினான். ஞானசேகரத்தின் வயதே இருக்கக்கூடிய கோப்ரல் பையைத் திறந்தான். முதல் தாளை எடுத்தான். இரண்டாவதை எடுத்தான். பிறகு எல்லாவற்றையும் எடுத்தான்.

தாள் முழுக்க இலக்கம். இடையிடையே x. சில இடத்தில் y. பிள்ளைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அம்புக்குறி வேறு போட்டிருந்தார்கள். காவலில் நிற்கிற எவனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். கோப்ரல் சிங்களத்தில் ஏதோ கேட்டான். ஞானசேகரத்திடம் இருந்த சிங்களம் பஸ்ஸில் மிச்சக் காசு கேட்க மட்டுமே போதுமானது. வரிசையில் பின்னால் விறகுச் சைக்கிளோடு நின்ற ஜமால்தீன், கேட்காமலே மொழிபெயர்ப்பாளரானார்.

“எக்ஸ் எண்டது ஆராம் சேர்?”

“அது இன்னும் தெரியாது.”

“தெரியாத ஆள எதுக்கு எழுதினீங்களாம்?”

“கண்டுபிடிக்கத்தான். முப்பது பேரும் ரெண்டு மணித்தியாலமாத் தேடினவை.”

ஜமால்தீன் குரலைத் தாழ்த்தினார். “இத நான் சொல்ல மாட்டன் சேர். சொன்னா நாம ரெண்டு பேரும் வீட்ட போக ஏலாது.”

கோப்ரல் தாள்களைக் கட்டி மண்மூட்டைக்கு மேல் வைத்தான். பெரியவர் வந்து பார்த்தபின் முடிவாகுமாம். பெரியவர் எப்போது வருவார் என்பதும் ஒரு தெரியாக்கணியம். தாளில்லாமல் திங்கட்கிழமை மாஸ்டருக்கு முன்னால் நிற்பதை ஞானசேகரம் ஒருமுறை கற்பனை செய்தான். அப்பாவின் பத்தொன்பதாவது விதமும் காதில் கேட்டது.

“கணக்கு எண்டு சொல்லுங்கோ நானா. படிப்பிக்கிற கணக்கு.”

“சொன்னன். அப்ப செய்து காட்டட்டுமாம்.”

ஞானசேகரம் நிமிர்ந்து நின்றான். “ஒரு சமன்பாட்டின் இரு பக்கங்களிலிருந்தும் ஒரே கணியத்தைக் கழித்தால் சமத்துவம் மாறாது.”

ஜமால்தீன் அவனைப் பார்த்தார். கோப்ரல் ஜமால்தீனைப் பார்த்தான். வரிசையில் ஒரு குழந்தை கொட்டாவி விட்டது.

“சேர், எனக்கு விளங்கினாத்தானே நான் அவருக்குச் சொல்ல ஏலும்? பச்சையாச் சொல்லுங்க.”

ஞானசேகரம் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தான். தெரிந்த முகம் எதுவும் இல்லை. குனிந்து, ஒரு விறகுக் குச்சியால் சோதனையின் முதல் கணக்கை மண்ணில் எழுதினான்: 5x + 7 = 22. சமன் குறியைத் தொட்டு, பிறகு சென்ரிக் கட்டையைக் காட்டினான்.

“நானா,” என்றான், தொண்டையைச் செருமி. “உங்கட சைக்கிள்ல ஏறுங்கோ. நீங்கள்தான் ஏழு.”

ஜமால்தீன் விறகோடு ஏறினார். கட்டையடிக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் இறங்கினார். உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

“இப்ப நீங்கள் கழித்தல் ஏழு. இருபத்திரண்டில ஏழு போனா?”

“பதினஞ்சு. அஞ்சு எக்ஸ் பதினஞ்செண்டா, எக்ஸ் மூணு!” ஜமால்தீன் கட்டைக்கு அப்பாலிருந்து கத்தினார். “அட, இதுக்கா எங்கட வாத்தியார் என்னை வெளியில விட்டவர்!” பிறகு அதே வேகத்தில் எல்லாவற்றையும் சிங்களத்தில் கொட்டினார். கையாலும் சைக்கிள் மணியாலும்கூடச் சொன்னார்.

கோப்ரலின் முகம் மெல்ல மாறியது. மண்மூட்டையிலிருந்து தாள்களை எடுத்து, முதலாவதைப் புரட்டினான். ஒரு வரியில் விரலை வைத்தான். 5x = 22 + 7.

“வெரதி,” என்றான். பிழை. அடுத்த தாளிலும் அதே வரி. “மேகத் வெரதி.” இதுவும் பிழை. ஆறாவது தாளுக்கு வரும்போது அவன் சிரிப்பை அடக்க முடியாமல் கட்டையைப் பிடித்துக்கொண்டான். ஏழாவது தாளுக்கு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தானே ஒரு சரி போட்டான். அது இரத்தினேஸ்வரியின் தாள். பிறகு தாள்கள் எல்லாவற்றையும் ஞானசேகரத்திடம் கொடுத்து, ஏதோ சொன்னான்.

“என்னவாம் நானா?”

ஜமால்தீன் தயங்கினார். “பிள்ளைகளையும் ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வரட்டாம் சேர்.”

ஞாயிற்றுக்கிழமை திருத்தி முடித்தபோது எட்டுப் பேர் பாஸ், கோப்ரல் திருத்தியதையும் சேர்த்து. இருபத்திரண்டு பேரின் ஏழு, சென்ரியில் இறங்காமலே போயிருந்தது. திங்கள் காலையில் மாஸ்டரிடம் உள்ளதைச் சொன்னான். புதன்கிழமை இன்னொரு சோதனை வைக்க ஒரேயொரு தவணை கேட்டான். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புதன். அதுக்குப் பிறகு கதையில்லை.”

அன்று பத்தாம் வகுப்புக்கு வந்த ஞானசேகரம் முதலில் யன்னலைச் சாத்தினான். புழுக்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். கிடுகு மறைப்புக்கு அருகே போய் ஒரு நிமிடம் காதுகொடுத்தான். அங்கே ஒன்பதாம் வகுப்பு அமைதியாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. பிறகு வெளியே போய், செயின் சத்தம் போடாதபடி பின்சில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் சைக்கிளை வகுப்புக்குள் கொண்டுவந்தான். அளவுகோலை இரண்டு மேசைகளுக்கு நடுவே குறுக்கே வைத்தான்.

“பிள்ளையள், சத்தம் போடக்கூடாது,” என்றான், கோயிலுக்குள் கதைக்கிற குரலில். “இரத்தினேஸ்வரி, நீர் ஏழு. ஏறும்.”