பத்து மணிக்கு வெளியே அனுப்பாத வீடு

கிறிஸ்துமஸ் மரத்தைப் பிரித்துப் பரணில் ஏற்றியதும் இங்கிலாந்தின் டெர்பி நகரத்து ஆட்களுக்குக் கோடை விடுமுறைப் பித்து பிடித்துவிடும். வெளியே ஜனவரி மழை நசநசவென்று பெய்துகொண்டிருக்கும். உள்ளே ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஆகஸ்டில் எந்தக் கடற்கரைக்குப் போவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேவிஸும் சமையலறை மேஜை முழுக்க வழவழப்பான விடுமுறைப் புத்தகங்களைப் பரப்பி, நடுவில் பிரிட்டன் வரைபடத்தையும் விரித்து வைத்திருந்தாள். அவளுக்கு இது புதுசு. கல்யாணமான வருடத்திலிருந்து அவளும் கிளிஃபும் போனது ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே அறை. ஊர், யார்க்‌ஷயர் கடற்கரையில் இருக்கும் ஃபைலி. வீடு, மிஸஸ் பிக்கர்ஸ்கில் என்ற அம்மாள் நடத்திய விடுதி.

அந்த அம்மாள் வீட்டை விற்றுவிட்டு மகளோடு தங்கப் போய்விட்டாள் என்று போன வாரம் போன் வந்தது. கேட்டதும் மேவிஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடமே வெட்கமாகவும் இருந்தது. கிளிஃப் "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் பின்பக்கம் போய்க் குப்பைத் தொட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தான். பாவம், மனுஷனுக்கு அந்த வீடு என்றால் உயிர், என்று நினைத்துக்கொண்டாள்.

மிஸஸ் பிக்கர்ஸ்கில் நல்லவள்தான். ஆனால் அவள் வீட்டில் சட்டம் சட்டம்தான். காலையில் மணி அடித்தால் எல்லோரும் சாப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். தட்டில் கிப்பர், அதாவது புகையில் வாட்டிய மீன், முள்ளும் தலையுமாகக் கிடக்கும். பத்து மணிக்கு விருந்தாளிகள் அத்தனை பேரும் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். சாயங்காலம் தேநீர் நேரம் வரைக்கும் கதவு திறக்காது. மழை பெய்தால் அது உங்கள் பாடு. மேவிஸுக்கும் கிளிஃபுக்கும் பெரும்பாலும் பெய்தது. காரைக் கடலைப் பார்க்க நிறுத்தி, ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டு, ஆவி படிந்த கண்ணாடி வழியாகத் தெரியாத கடலைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துக் கார்களிலும் அதே மாதிரி ஜோடிகள், அதே ஃபிளாஸ்க்.

இப்போது அவள் விரல் ஒரு படத்தின் மேல் நின்றுவிட்டது. வடக்கே, ஸ்காட்லாந்துக் கரையையும் தாண்டி, ஆர்க்னி தீவு. புல்வெளி நடுவில் ஒரு வெள்ளை வீடு. ஒரே கதவு, ஒரே ஜன்னல். வாசகம் சின்னதாக இருந்தது: சாவி உங்கள் கையில். பள்ளிக்கூடச் சமையலறையில் வருடமெல்லாம் மணிச் சத்தத்துக்கு ஓடி ஓடி உருளைக்கிழங்கு பரிமாறுகிறவள் அவள். அந்த வரியைப் படித்ததும் மனசாலேயே அந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். அங்கேயும் மழைதான். ஜன்னலுக்கு வெளியே பாறைமேல் ஒரு கடல்நாய் படுத்திருந்தது. இரவு உடையை மாற்றவில்லை, தலை வாரவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை. மத்தியானம் ஆகியும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. கடல்நாயும் எழவில்லை.

"என்ன கண்ணு, எங்க போறோம்?" கிளிஃப் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். மேவிஸ் சட்டென்று பக்கத்தைத் திருப்பினாள்.

"உனக்கு எங்க பிடிக்குதோ அங்க."

"எனக்கு எதுவானாலும் சரிதான். உனக்கு?"

"எனக்கும் எதுவானாலும் சரி."

அந்த நாட்டில் இதற்குப் பெயர் மரியாதை. இந்த மரியாதையிலேயே முழு ஆயுளையும் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு.

"ஃபைலி கரையிலயே, விட்பியில ஒரு விடுதி இருக்கு," என்றாள் மேவிஸ். "காலைல கிப்பர் போடுறாங்களாம். உனக்குத்தான் உசுராச்சே."

கிளிஃப் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் துண்டை மடித்தான், பிரித்தான். "மேவிஸ், எனக்கு அந்தக் கருமம் பிடிக்காது."

"என்னது? தினமும் என் பங்கையும் சேத்துல்ல தின்னே?"

"நீ ஆசையாத் தள்ளி வைப்ப. எனக்காக விட்டுக் குடுக்கறியேன்னு முழுங்கிடுவேன்."

"எனக்கு அந்த நாத்தமே ஆகாதுப்பா. அதான் தள்ளினேன்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ஃபைலி?"

"நீதானே கல்யாணமான புதுசுல அந்த ஊர்ப் படத்தைப் பாத்து அழகா இருக்குன்னு சொன்ன?"

"உங்கம்மா அனுப்பின படம் அது. வேற என்ன சொல்லுவேன்? அன்னிக்கு போன் வந்தப்ப உன் மூஞ்சியே செத்துப்போச்சே?"

"சிரிப்பு வந்துடுச்சு. உனக்கு முன்னாடி சிரிக்க முடியாம வெளிய ஓடினேன்."

எத்தனை ஆகஸ்டுகள்! அவளுக்குத் துக்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் என்று தெரியாததால் கோபம் எங்கும் போகவில்லை.

"உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை."

கிளிஃப் ஊரில் பஸ் ஓட்டுகிறவன். விடுமுறையிலும் கார் ஓட்டியவன் அவன்தான். அவன் விரல் வரைபடத்தின் அடிக்கோடியில், கார்ன்வால்மேல் போய் உட்கார்ந்தது. "இங்க ரயில் போகுது. வேற எவனாவது ஓட்டணும். நான் வேடிக்கை பாக்கணும். அவ்வளவுதான். உனக்கு?"

எதுவானாலும் சரி என்ற சொல் வாய்வரை வந்தது. இப்போது அதைச் சொன்னால் இனி எப்போதும் அதுதான் என்று பயந்தாள். பேசாமல் விரலை எடுத்து மேல்கோடியில் வைத்தாள்.

"அவ்ளோ தூரமா!" என்றான். பிறகு, நல்ல மனுஷன், விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினான். அதைப் பார்த்து அவள் விரல் தானாகக் கீழே இறங்கியது. அவன் இன்னும் கொஞ்சம் மேலே. அவள் இன்னும் கொஞ்சம் கீழே. இரண்டும் எங்கே போய் முட்டப்போகின்றன என்று இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஃபைலி இருக்கிற அதே யார்க்‌ஷயர்.

மேவிஸ் விரலை வெடுக்கென்று இழுத்துத் தீவின்மேல் திரும்ப ஊன்றினாள். "நான் நகர மாட்டேன், கிளிஃப்."

"அங்கயும் மழைதான் கண்ணு."

"பெய்யட்டும். மழை பெய்யறப்ப நான் உள்ள இருக்கணும். யாரும் என்னை வெளிய போன்னு சொல்லக் கூடாது." சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

அவன் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டான். வெகுநேரம் வரைபடத்தையே பார்த்தான். "அதுவரைக்கும் ரயில் போகுதா?"

"கடல் வரைக்கும் போகுது. அப்புறம் கப்பல்."

"கப்பலை யாரு ஓட்டுவா?"

"நீ இல்ல."

அவனுக்கு ஆசையா, மறுபடியும் மரியாதையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஜன்னலோர சீட்டு எனக்கு," என்றான் கிளிஃப். "நீ கேட்டாலும் தர மாட்டேன்."

பிறகு அவன் விரல் டெர்பிக்கு வந்து, அங்கிருந்து வடக்கே போகும் மெல்லிய கறுப்புக் கோட்டைப் பிடித்தது. ஊர் ஊராக நின்று, இல்லாத ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கோடு முடிந்து நீலம் தொடங்குகிற இடத்துக்கு அப்பால், மேவிஸின் விரல் அசையாமல் காத்திருந்தது.