வேற ரொம்ப

அந்தச் சலவை ஆலையின் கொதிகலன்காரருக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒரு பொட்டலத்தில் மடித்துவிடலாம். மேலே கண்ணாடி அறையில் இருந்த வெளிநாட்டு இன்ஜினியருக்கோ ஆங்கிலத்தில் தவிர இருமல்கூட வராது. நெருப்புக்குப் போகும் எண்ணெயைத் திறந்து மூடும் சக்கரம் அவர் அறையில். நெருப்பு கீழே, இவர் முகத்துக்கு நேரே. நடுவில் ஒரு டெலிபோன். இந்தக் கல்யாணத்தை எந்தப் புண்ணியவான் முடித்துவைத்தானோ.

பாதுகாப்பு வால்வு சீறுகிறது, காது வலிக்கிறது என்று போன வாரம்தான் இன்ஜினியர் அதை இறுக்கிவிடச் சொல்லியிருந்தார். பாம்பின் வாயைத் தைத்தாயிற்று. ஆகவே அன்று காலை சீற்றமில்லை, உறுமல் மட்டும். சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து தாள்கள் தாமாகக் கழன்று விழுந்தன. வெள்ளிக்கிழமைவரை விழுந்ததைக் கொதிகலன்காரரே கண்ணால் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இஸ்திரிக் கூடம். அங்கே அவர் மனைவி படுக்கை விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்தார். "சார், பிரஷர் வெரி ஹை."

"வெரி குட்!" என்றது போன்.

"நோ குட் சார். வெரி, வெரி ஹை!"

"வெரி வெரி குட்!"

சுவர் வியர்த்தது. துணிமூட்டை தள்ளிவந்த மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மச்சான், வெரின்னா அவருக்கு சந்தோஷம். டூ ஹைன்னு சொல்லுங்க."

"வெரின்னா என்னடா?"

"ரொம்ப."

"டூன்னா?"

"அதுவும் ரொம்பதான். ஆனா வேற ரொம்ப. தாங்காத ரொம்ப."

"ஏன்டா மாப்ளே, ஒரு ரொம்பவை வச்சுக்கிட்டு நம்ம ஊரே பிழைக்குது. இவங்களுக்கு ரெண்டு கேக்குதா?"

"இப்ப நீங்க பிழைக்கணும்னா கேக்கும். சொல்லுங்க!"

சொல்லத்தான் போனார். அதற்குள் உறுமல் எழுந்து கூரைத் தகரத்தை ஆட்டியது. போனுக்குள் அவர் கத்திய 'ஹை' எல்லாவற்றையும் அது விழுங்கிவிட்டு, 'டூ'வை மட்டும் மேலே அனுப்பிவைத்தது.

"டூ, சார்! டூ!"

கண்ணாடிக்குப் பின்னால் இன்ஜினியர் எழுந்து நின்றார். புரிந்துவிட்டது என்று தலையாட்டினார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். பிறகு சக்கரத்தைப் பிடித்து, திறக்கிற பக்கமாக, நிதானமாக இரண்டு சுற்று சுற்றினார்.

"போச்சு" என்றான் மைத்துனன். "ரெண்டுன்னு நெனச்சுட்டாரு."

நெருப்பு வெள்ளையானது. கொதிகலன்காரர் போனைத் தொங்கவிட்டுவிட்டு இஸ்திரிக் கூடத்துக்கு ஓடினார். மைத்துனன் கண்ணாடி அறைப் படியில் தாவி ஏறினான், ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, கையைப் பிடித்து இழுத்துவிடுவது என்ற முடிவோடு.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க இது, பேயறைஞ்ச மாதிரி? சூடு ஜாஸ்தியா?"

அவர் வாயைத் திறந்தார். பொட்டலத்தில் இருந்த ஆங்கிலமெல்லாம் ஆவியாகியிருந்தது.

"ரொம்ப" என்றார்.

எந்த ரொம்ப என்று அவள் கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை அப்படியே கீழே போட்டாள். பக்கத்து மேசைக்காரியின் முந்தானையைப் பற்றி இழுத்தாள். அவள் அடுத்தவளை இழுத்தாள். கூடமே ஒரே துணிபோல வாசல் வழியாக வெளியே உருவிக்கொண்டு போனது.

கடைசியாக வெளியே வந்த அவர் திரும்பிப் பார்த்தபோது உறுமல் நின்றிருந்தது. கண்ணாடி அறையில் இரண்டு உருவங்கள் இன்னும் கைகலந்துகொண்டிருந்தன. சுவர் மெதுவாக, மூச்சை உள்ளே இழுத்தது.